இரண்டு நாள், ஒரு வாக்கியம்: ஏற்காட்டில் நடந்த கதைப் பட்டறை எப்படி இருந்தது?

சேலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுதிய வாக்கியங்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய வாக்கியங்களையும் எழுதி வைத்து வருகிறேன். அப்படித் தொடங்கிய ஒரு கதை நூற்றெண்பது பக்கத்தைத் தாண்டிய பிறகும், அது என்ன கதை என்று வீட்டில் கேட்டால்கூட எனக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. "ஒரு கொலுசுத் தொழிலாளி இருக்கிறார், அவருக்கு ஒரு மகள்" என்று ஆரம்பித்து, கேட்டவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போகும்வரை நீட்டிக்கொண்டே இருப்பேன். ஆகவே, கதைக்கருவை ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழக்கித் தருவதாக அறிவித்த இரண்டு நாள் பட்டறை ஏற்காட்டில் நடக்கிறது என்று தெரிந்ததும், கடந்த ஜனவரியில் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். கட்டணம் 4,800 ரூபாய். ஓர் இரவுத் தங்கலும் சாப்பாடும் அதில் அடக்கம். குறை சொல்ல வேண்டிய இடங்களும் இருப்பதால், நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த பணம் வீண் போகவில்லை. ஆனால் தமிழில் எழுதுகிறவர், அங்கே கொடுக்கும் வாய்பாட்டை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வரக் கூடாது. அது வேறொரு மொழியின் வாக்கியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நம்முடைய வாக்கியத்துக்குப் போட்டால் தோள்பட்டையில் பிடிக்கிறது. இதை நான் பட்டறையில் சொல்லித் தரக் கேட்கவில்லை. அங்கே வந்திருந்த தமிழாசிரியை ஒருவரோடு நடந்த வாக்குவாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாக்குவாதம் மட்டுமே பாதிக் கட்டணத்துக்குப் பெறும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகிறவர்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்னால், அடிவாரச் சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு நிற்பதைப் பார்த்திருப்பார்கள். டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய அந்தக் கம்பெனி நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இலும், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இலும் அங்கிருந்துதான் வெளிவந்தன. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுதியவர்கள். அத்தனை படங்களுக்கும் யாரோ ஒருவர் முதலாளியின் மேசைக்கு எதிரே நின்று, கதையைச் சுருக்கமாகச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருப்பார் அல்லவா? அந்த வளைவைத் தாண்டித்தான் பட்டறை நடத்தியவர்களும் மலையேறினார்கள்; ஆனால் இரண்டு நாளும் லாஸ் ஏஞ்சல்ஸைப் பற்றிக் கேட்ட அளவுக்கு எங்கள் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இது சிறு குறைதான் என்றாலும், பின்னால் வரும் பெரிய குறைக்கு இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காப்பித் தோட்டத்துக்குள் இருந்த பழைய ஓட்டு வீடு. முன்னால் களத்தில் பறித்த காப்பிப் பழத்தைக் காய வைத்திருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. இரவில் குளிர் கடுமை. ஆளுக்கு ஒரு கம்பளிதான் கொடுத்தார்கள், அது போதாது. சாப்பாடு நன்றாக இருந்தது. முதல் நாள் மாலை யாரோ சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த தட்டுவடை செட்டை, அமைப்பாளர்கள் தந்த பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள்.

வந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர், மேட்டூரிலிருந்து வந்த கல்லூரி மாணவர், ஓய்வுபெறப் போகும் தமிழாசிரியை, குறும்படம் எடுத்த இரண்டு இளைஞர்கள், நாடகம் எழுதும் வங்கி ஊழியர் என்று பலதரப்பட்டவர்கள். பயிற்சியாளர் கோடம்பாக்கத்தில் பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்தவர். பேச்சு நிதானம், கேலி அளவானது, யாரையும் புண்படுத்தவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் அவர் செய்தது மிகவும் பயனுள்ள வேலை: நாம் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கும் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்.

சினிமாக்காரர்கள் 'நாட்' என்று சொல்வது கதை முடிச்சை. அது வாக்கியமாகக்கூட இருக்க வேண்டியதில்லை, "அடகு வைத்த வீட்டுக்கே வாட்ச்மேனாகப் போகிறவன்" என்றால் போதும். 'ஒன்லைன்' என்பது அந்த முடிச்சு யாருக்கு விழுந்தது, அதை அவிழ்க்க அவர் என்ன செய்தாக வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பதெல்லாம் அடங்கிய ஒரு முழு வாக்கியம். ஆங்கிலத்தில் இதையே லாக்லைன் என்கிறார்கள். 'ஒன்லைன் ஆர்டர்' என்பது இதற்குத் தொடர்பே இல்லாதது; காட்சிகளை வரிசைப்படுத்தி, காட்சிக்கு ஒரு வரி வீதம் எழுதும் பட்டியல். சுவரொட்டியில் போடும் கவர்ச்சி வாசகம் மற்றொன்று. அது கதையைச் சொல்லாது, டிக்கெட்டை விற்கும். இந்த நான்கையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டுக்கொண்டு எத்தனை உதவி இயக்குநர்கள் தயாரிப்பாளர் முன்னால் தடுமாறினார்கள் என்று அவர் சொன்ன கதைகள் சிரிப்பாகவும் இருந்தன, கொஞ்சம் வயிற்றைப் பிசைவதாகவும் இருந்தன.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தார்: கருப்பொருள், அதாவது கதை சொல்ல வரும் பொதுக் கருத்து. எழுத்தாளர்களில் பெரும்பாலோர் கதையைக் கேட்டால் கருப்பொருளைத்தான் சொல்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் எடுத்துக்காட்டு எதுவும் தரவில்லை, தமிழாசிரியைதான் தந்தார். சிலப்பதிகாரத்தின் பதிகம் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. அவை மூன்றும் கருப்பொருள். அவற்றை மட்டும் கேட்ட ஒருவருக்குச் சிலம்பு என்ற பொருள் கதையில் எங்கே வருகிறது, யார் கையில் இருக்கிறது என்பது தெரியாது. "தவறாகத் திருட்டுப் பட்டம் கட்டிக் கொல்லப்பட்ட கணவனுக்காக, மிச்சமிருக்கும் ஒற்றைச் சிலம்போடு அரசனிடம் வழக்குரைக்கப் போகும் பெண்" என்று சொன்னால் அங்கே கதை நடக்கத் தொடங்கிவிடுகிறது. பயிற்சியாளர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தப் பெருந்தன்மைக்காகவே அவரைப் பற்றி நல்லதாக எழுதத் தோன்றுகிறது.

பிறகு எங்கள் வாக்கியங்களை எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது இது: "தந்தைக்கும் மகளுக்கும் இடையே உள்ள பாசத்தையும், வெள்ளித் தொழில் நலிவதையும் பற்றிய கதை." கருப்பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் கேட்ட பிறகும் கருப்பொருளையே எழுதிக் கொடுத்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். என்னைப் போல் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள் என்பது ஆறுதல். ஜவ்வரிசி ஆலைக் கணக்கர் எழுதியது மனித வாழ்வின் நிலையாமையைப் பற்றியது. அவருடைய கதையில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று இரவில் காணாமல் போகிறது என்பதை மூன்றாவது கேள்விக்குப் பிறகுதான் சொன்னார். லாரியை விட்டுவிட்டு நிலையாமையைச் சொல்லுகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெரிதாகச் சொன்னால்தான் மதிப்பு என்று எங்கோ படிந்துவிட்டது.

மேட்டூர் மாணவரின் வாக்கியம் முதலிலிருந்தே மற்றவர்களுடையதைவிட ஒரு படி மேலே இருந்தது. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீர்ப்பிடிப்புக்குள் போன ஊர்களின் மிச்சமாக, நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. அதை வைத்து அவர் எழுதியிருந்தார்: "மேட்டூர் அணை வற்றி, மூழ்கிய ஊரின் நந்தி வெளியே தெரியும் கோடையில், பாட்டி புதைத்துவிட்டு வந்ததைத் தேடி இறங்கும் மீனவன், கர்நாடகத்து மழைநீர் வந்து சேர்வதற்குள் அவள் வீட்டுத் திண்ணையைக் கண்டுபிடித்தாக வேண்டும்." பயிற்சியாளர் முதலில் செய்தது வயதுக் கணக்கு. கதை இன்றைக்கு நடக்கிறது என்றால், அணைக்கு முன் அந்த ஊரில் குடித்தனம் நடத்திய பெண் இருபது வயது மீனவனுக்குப் பாட்டியாக இருக்க முடியாது. 'கொள்ளுப்பாட்டி' என்று ஆனது. ஒரே வாக்கியம்தான் என்றாலும் அதற்குள் கணக்கு உதைத்தால், கேட்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார், கதைக்குள் வரமாட்டார் என்றார். பிழை திருத்துபவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அந்த வாக்கியத்தில் கெடு இருக்கிறது என்பதை அவர் விரித்துக் காட்டிய விதமும் நன்று. 'வந்து சேர்வதற்குள்' என்ற சொல் வந்தவுடன் கதைக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிடுகிறது. அந்தக் கடிகாரத்தை எழுத்தாளர் வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டவில்லை, அந்த அணையிலேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கதைநடக்கும் இடமே தடையையும் கெடுவையும் தருமானால் வாக்கியம் தானாகச் சுருங்கும் என்றார். பெயரைச் சொல்லாதீர்கள், பெயர் கேட்பவருக்கு ஒன்றும் தராது. தொழிலையும் நிலையையும் சொல்லுங்கள் என்றார். அந்த நிலையும் அவர் செய்ய வேண்டிய வேலைக்கு முரணாக இருந்தால் இன்னும் நல்லது: நீச்சல் தெரியாத மீனவன், கணக்கில் பொய் எழுதத் தெரியாத கணக்கர். இதுவரையில் எல்லாம் சரி.

பிறகு வாய்பாட்டை விநியோகித்தார்கள். எட்டுப் பக்கக் கையேடு. அதில் மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு ஒரு மாதிரி வாக்கியம். இன்னார், இன்ன நிகழ்வுக்குப் பிறகு, இன்னதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் இன்னது நேரும் என்ற வரிசை. மொத்தம் இருபத்தைந்து சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டளை. எல்லோரும் குனிந்து கட்டங்களை நிரப்பினோம். நான் நிரப்பியது இப்படி வந்தது: "மகளோடு பேச்சை முறித்துக்கொண்ட ஒரு கொலுசுத் தொழிலாளி தன் மகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அவளுக்கு அவன் செய்த கொலுசு உருக்க வந்த வெள்ளியில் கிடைத்த பிறகு, விடிவதற்குள், இல்லையென்றால் அதை அவனே உருக்க நேரிடும்." இதை என் மேசைக்கு வேறு யாராவது அனுப்பியிருந்தால் சிவப்பு மையில் முழுக்க அடித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். நானே எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியை அந்த இடத்தில்தான் கையைத் தூக்கினார். "சார், இதுல வினைமுற்று நடுவுலயே வந்துடுது. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் வாசல்ல நிக்குது" என்றார். பயிற்சியாளர் முதலில் அதை இலக்கணப் பிரச்சினை என்று ஒதுக்கப் பார்த்தார். அம்மையார் விடவில்லை. தமிழ் வாக்கியத்தில் எடை கடைசிச் சொல்லில் விழுகிறது. கேட்பவர் வினைமுற்றுக்காகக் காத்துக்கொண்டே வருகிறார். அது வந்தவுடன் வாக்கியம் முடிந்தது என்று காதைத் திருப்பிவிடுகிறார். ஆகவே கதையின் கொக்கி எதுவோ அது கடைசியில்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆங்கிலத்தில் யார், என்ன செய்கிறார் என்பதை முதலில் வைத்துவிட்டு, எப்போது, எதற்காக, இல்லாவிட்டால் என்ன என்பவற்றைப் பின்னால் தொடுத்துக்கொண்டே போகலாம். தமிழில் அவை எல்லாம் பெயரெச்சமாகவும் வினையெச்சமாகவும் முன்னால் வந்து, ஆளைச் சுமந்துகொண்டு, வினைமுற்றில் இறங்க வேண்டும்.

இதற்கு எடுத்துக்காட்டாக அவர் குண்டலகேசிக் கதையைச் சொன்னார். மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'க்கு மூலம், அந்தக் காப்பியக் கதையிலிருந்து கருணாநிதி எழுதிய நாடகம். இந்த மலையின் அடிவாரத்துக்கும் அதற்கும் உறவு உண்டு என்று தொடங்கியதும் எனக்கு மனம் நிறைந்தது. கரும்பலகையில் அவர் எழுதிய வாக்கியம் இது: "தான் கொலைக்களத்திலிருந்து மீட்டு மணந்த கள்வன் தன்னைத் தள்ளிக் கொல்லத்தான் மலையுச்சிக்கு அழைத்து வந்திருக்கிறான் என்று அறியும் வணிகன் மகள், சாகுமுன் அவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள்." அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கதை தெரிந்தவர்களுக்கு அடுத்து நடக்கப் போவது தெரியும், தெரியாத இரண்டு இளைஞர்களும் ஒரே குரலில் "அப்புறம்?" என்றார்கள். 'கேட்கிறாள்' என்ற ஒரு வினைமுற்றில் அத்தனையும் தொங்குகிறது. அவள் ஏன் கேட்கிறாள் என்பதைச் சொல்லாமல், கேட்கிறாள் என்பதோடு நிறுத்தியதுதான் திறமை. இதையே வாய்பாட்டில் போட்டால் "ஒரு வணிகன் மகள் தன் கணவனைத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அவன் அவளைக் கொல்வான்" என்று வரும். கதையின் உயிரை நாமே எடுத்துக் கேட்பவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

சொற்களின் எண்ணிக்கையிலும் அதே கோளாறு. இருபத்தைந்து என்பது ஆங்கிலச் சொற்களுக்கு வைத்த வரம்பு. நம்மிடம் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அங்கே நான்கு சொல்லில் வருவது இங்கே இரண்டில் வரும். 'விடிவதற்குள்' என்பது ஒரே சொல். ஆகவே தமிழில் இருபத்தைந்து என்பது சுருக்கம் ஆகாது, தாராளம். பதினெட்டு அல்லது இருபது என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பயிற்சியாளர் அதற்கு, எண்ணை விடுங்கள், ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள் என்றார். கையேட்டில் அச்சிட்டிருப்பதைவிட அவர் வாயால் சொன்ன விதி நல்லது.

இரவு, கம்பளி போதாமல் தூக்கம் வராததால், என் வாக்கியத்தை மறுபடியும் எழுதினேன். "பேச்சு விட்டுப்போன மகளுக்குத் தன் கையால் செய்து போட்ட கொலுசு, உருக்க வந்த பழைய வெள்ளி மூட்டையில் கிடப்பதைக் காணும் செவ்வாய்ப்பேட்டைத் தொழிலாளி, விடிவதற்குள் அந்த மூட்டையை எடை குறையாமல் உருக்கிக் கொடுத்தாக வேண்டும்." எடை குறையாமல் என்பதுதான் எனக்குக் கிடைத்த புதையல். எங்கள் ஊரில் கொலுசு வேலை செய்பவர்களிடம் வெள்ளி எடை போட்டுக் கொடுக்கப்பட்டு எடை போட்டே திரும்ப வாங்கப்படுகிறது. ஒரு சோடிக் கொலுசை எடுத்து மடியில் மறைத்தால் மறுநாள் தராசு காட்டிக் கொடுத்துவிடும். நூற்றெண்பது பக்கத்தில் இந்தத் தராசு ஒரே ஓர் இடத்தில், அதுவும் வருணனையாக வந்திருந்தது. அதுதான் கதையின் வில்லன் என்று எனக்கு அன்றிரவுதான் புரிந்தது. மகளைத் தேடி அவர் மூன்று மாவட்டம் அலையும் எழுபது பக்கங்கள் தேவையே இல்லை. கதை ஒரே இரவில், ஒரே வெள்ளிப் பட்டறையில் நடக்க வேண்டியது.

காலையில் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபத்தைந்து சொற்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. வெட்டினேன்: "பேசாத மகளுக்குத் தான் செய்த கொலுசை உருக்க வந்த பழைய வெள்ளியில் காணும் தொழிலாளி, விடிவதற்குள் எடை குறையாமல் அத்தனையையும் உருக்கித் தர வேண்டும்." தமிழாசிரியையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தம்பி, பொண்ணு ஊமைங்களா?" என்று கேட்டார். 'பேசாத மகள்' என்றால் அப்படித்தானே படும்! பிறருடைய வாக்கியங்களில் இத்தகைய இடங்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். 'உறவு முறிந்த மகளுக்கு' என்று மாற்றினேன். ஒரு சொல் கூடிப் பத்தொன்பது ஆயிற்று, மூச்சு வாங்கவில்லை.

இரண்டாம் நாள் முற்பகலில் ஒரு பயிற்சி: ஏரிக்கரைக்குப் போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் நம் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். "நல்லா இருக்கு" என்றால் தோல்வி, கேள்வி கேட்டால் வெற்றி. நான் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, "அப்ப எடைக்கு எடை வேற வெள்ளி போட்டுட்டா, அந்தக் கொலுச எடுத்துக்கலாம்லங்க?" என்றார். நான் இதை யோசித்ததே இல்லை. கூலிக்கு வேலை செய்கிறவன் நள்ளிரவில் அதே எடை வெள்ளிக்கு எங்கே போவான், யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்பதுதான் கதையின் நடுப்பகுதி என்பதைப் பஜ்ஜிக் கடைக்காரர் ஒரே கேள்வியில் போட்டுக் கொடுத்தார். பஜ்ஜியும் நன்றாக இருந்தது. பட்டறையின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் பட்டறைக்கு வெளியே நடந்தது என்று எழுதினால் அமைப்பாளர்கள் வருந்தக் கூடாது. அனுப்பி வைத்தவர்கள் அவர்கள்தான்.

மற்ற குறைகளையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் ஆங்கிலப் படக் காட்சிகளைத் திரையிட்டு அவற்றின் ஒன்லைனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே கொண்டாடப்பட்ட படத்துக்கு ஒன்லைன் எழுதுவது, விடை தெரிந்த கணக்கைப் போடுவது போன்றது. அந்த நேரத்தை ஆளுக்குப் பத்து நிமிடமாகப் பிரித்திருந்தால் இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாகத் திருத்தம் கிடைத்திருக்கும். எனக்குப் பயிற்சியாளரோடு தனியாகக் கிடைத்தது ஏழு நிமிடம். சிறுகதையும் நாவலும் எழுத வந்தவர்களைச் சினிமாவின் ஓரத்திலேயே உட்கார வைத்தார்கள். சிறுகதைக்கு ஒன்லைன் எழுதும்போது பல நேரங்களில் இலக்கோ இழப்போ இருக்காது, ஒரு மாற்றமோ ஒரு தெளிவோதான் இருக்கும் என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வங்கி ஊழியர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலும் போதாது. ஒரே வாக்கியத்தில் கதையைச் சொல்லிவிட்டால் அதைக் கேட்டவர் எடுத்துக்கொண்டுவிட மாட்டாரா என்பது கேள்வி. நம்பிக்கைதான் முக்கியம் என்பது பதில். கட்டணம் வாங்கும் இடத்தில் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்கலாம். வெறும் கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்தும் வடிவத்துக்குத்தான் உண்டு என்பதை ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978லேயே தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே ஒன்லைனை மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைவிட, திரைக்கதையையோ விரிவான கதைச் சுருக்கத்தையோ எழுதி முடித்து, சென்னையில் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு அதன் பிறகு வாயைத் திறப்பது நல்லது. இது ஐந்து நிமிடத்தில் சொல்லக் கூடியது.

யாருக்குப் பொருந்தும் என்றால், கதை ஏற்கெனவே கையில் இருந்து, அது பக்கம் பக்கமாகப் பெருகிக்கொண்டே போகிறவர்களுக்கு. கதையே இல்லாமல், போனால் கிடைத்துவிடும் என்று வந்த இரண்டு பேர் முதல் நாள் இரவே சலித்துப்போய், மறுநாள் சேர்வராயன் கோயிலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். ஜனவரியில் போகிறவர்கள் சொந்தமாக ஒரு போர்வை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழாசிரியை போன்ற ஒருவர் ஒவ்வொரு முறையும் வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவரையே அடுத்த முறை சம்பளம் கொடுத்து அழைக்கலாம் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கையேட்டின் எட்டுப் பக்கத்தில் நாற்பத்தொரு பிழைகள் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் அவ்வளவையும் திருத்தி, படியை அவர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். காசு எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்துக் கட்டத்துக்குள் இருக்கும் மாதிரி வாக்கியத்தை மட்டும் தொடவில்லை. அதைச் சரிசெய்வது பிழை திருத்தம் ஆகாது, புதிதாக எழுதுவது ஆகும். அதற்குக் கூலி வேறு.